பிடுங்கினால் வராது

மாமா எண்ணினால் பத்து வந்தது. நான் எண்ணினால் ஐந்து. சண்டை அங்கேதான் தொடங்கியது.

இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறை மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து வெள்ளைப் பூக்கள். பக்கத்தில் ஒரு தாள். தாளின் மேல் மூடி கழற்றிய பேனா. அக்காவின் கணவரான மாமா குளித்து, தலை வாரி, வேலை கேட்டு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா புரொபசர். உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்."

தாவரவியல் படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டேன். ஒரு தேர்வுத் தாளில் இரண்டு முறை தோற்றேன், மூன்றாவது முறை போகவில்லை. இதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. அன்றிலிருந்து மாமாவுக்கு நான் புரொபசர். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் ஆறு வருடமாக இரவு வேலை பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவை என் படிப்பு இல்லை, என் தோள்பட்டை.

"தூங்கணும் மாமா."

"தூங்கு. யார் வேண்டாம்னா? ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுத் தூங்கு."

தாளை எடுத்துப் படித்தேன். எங்கள் குடியிருப்பின் பின்புறச் சரிவில் பரவியிருக்கும் வெள்ளைப் பூச்செடி, பாதுகாக்கப்பட்ட அரிய தாவரங்களின் பட்டியலில் உள்ள செடிதான் என்று தாவரவியல் பயின்ற நான் உறுதி கூறுகிறேன். கீழே என் பெயர். பெயருக்குக் கீழே எனக்கு இல்லாத ஒரு பட்டம்.

அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் பதினெட்டு வீடுகள். வீடுகளின் முதுகுக்குப் பின்னால் பாறையும் புல்லுமாக ஒரு மேடு ஏறுகிறது. மேட்டின் உச்சியில் ஒரு சரக்கு நிறுவனம். லாரிகள் நிற்க அவர்களுக்கு இடம் போதவில்லை. சரிவை வெட்டி, எங்கள் பக்கம் நாலு மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி இடத்தைச் சமமாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். சுவர் வந்தால் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில் வரும்.

அந்த ஜன்னலுக்கு அடியில்தான் அக்காவின் தையல் இயந்திரம் இருக்கிறது. காவலர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் சீருடை தைக்கிறாள். எல்லாம் கறுப்பும் கருநீலமும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் பகல் வெளிச்சத்தில்தான் அவள் கண்ணுக்குத் தெரியும். விளக்கு போட்டுத் தைத்துப் பார்த்தாள். ஒரு வாரத்தில் தலைவலி வந்து படுத்தாள். அப்போது பிரித்துத் தைத்த கால்சட்டைகள் தைத்தவற்றைவிட அதிகம். சுவர் என்றால் அவளுக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். இதை அவள் வாயால் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஜன்னலைத் தினமும் துடைக்க ஆரம்பித்திருந்தாள், அவ்வளவுதான்.

"பட்டியல்ல போட்டிருக்கு, பாரு. இது இருக்கிற இடத்துல யாரும் கை வைக்க முடியாது." மாமா இன்னொரு தாளை நீட்டினார். நகல் எடுத்த நகலின் நகல். படம் கரித்துண்டு மாதிரி இருந்தது. "வெள்ளைப் பூ. பாறைல பாய் மாதிரி படரும். பல வருஷம் வாழும். இதழ் எட்டுலேருந்து பத்து. நான் முப்பது பூ எண்ணிட்டேன். எல்லாம் பத்து. ஒண்ணுகூட மாறல."

மாமா தரை ஓடு பதிப்பவர். முழங்கால் போட்டு, மேலிருந்து பார்த்து, துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டே வாழ்ந்தவர். இரண்டு துண்டுக்கு நடுவே கோடு தெரிந்தால் அவருக்கு அது இரண்டு துண்டு. இருபது வருடத்தில் அந்தக் கணக்கு அவரை ஏமாற்றியதில்லை.

நான் டம்ளரிலிருந்து ஒரு பூவை எடுத்தேன். ஒரு இதழை நகத்தால் பிடித்து அடியோடு கிள்ளி மேசையில் வைத்தேன். அதோடு பக்கத்து இதழும் சேர்ந்து வந்தது. முயல் காது மாதிரி மேலே இரண்டு, கீழே ஒன்று.

"இது ஒரு இதழ் மாமா. நுனியில பிளந்திருக்கு. மேலேருந்து பார்த்தா ரெண்டா தெரியும்."

மற்றவற்றையும் கிள்ளி வரிசையாக வைத்தேன். ஐந்து. அவர் மேசைமீது குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொன்றையும் நகர்த்திப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"பட்டியல்ல இருக்கிற செடிக்கு இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வெள்ளையா இருக்கும். இதுக்கு ஒல்லியான இலை, ரெண்டு பக்கமும் பச்சை. இது சாதாரணச் செடி. எல்லா மேட்டுலயும் கிடக்கும்."

"பிளந்திருந்தா ரெண்டுதானே?"

"உங்க பேன்ட்டுக்கு ரெண்டு கால் இருக்கு. அதுக்காக ரெண்டு பேன்ட்னு கடைல வாங்கினீங்களா?"

இயந்திரத்தின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்கா சிரிப்பை அடக்கியது தோளில் தெரிந்தது. மாமாவுக்கு அது இன்னும் எரிச்சல்.

"சிரி. நல்லா சிரி. உன் ஜன்னலுக்குத்தான் நான் தெருத் தெருவா அலையறேன். உன் தங்கச்சிக்கு என்ன? சுவர் வந்தா ரூம் இருட்டாகும். பகல்ல குறட்டை விட்டுத் தூங்கலாம். அவளுக்கு லாபம்தான்."

அது உண்மை. நான் தூங்குவது அதே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரம். ஆறு வருடமாக முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.

"கையெழுத்து போட மாட்டேன் மாமா."

"யார் வந்து இதழைக் கிள்ளிப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே."

அவர் பேனாவை மூடினார். மூடும் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. அவர் போன பிறகு அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அஞ்சுதானா?"

"அஞ்சுதான்."

"அந்த அஞ்சை நீ உனக்குள்ளயே வச்சுக்க முடியாதா?"

"வச்சுக்கலாம். பத்துன்னு எழுத முடியாது."

"படிப்பையே விட்டுட்ட. இப்ப மட்டும் அது மேல என்ன அவ்வளவு ரோஷம்?"

துண்டை முகத்தில் போட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இயந்திரமும் ஓடவில்லை. அதன் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு அது ஓடாதபோதுதான் விழிப்பு வரும்.

அடுத்த மூன்று நாள் வீட்டில் என்னிடம் யாரும் தேவைக்கு மேல் பேசவில்லை. மாமா என்னைப் பார்க்காமல், தண்ணீர்க் குடத்தைப் பார்த்துப் பேசினார். "மருந்துக் கடைக்காரர் கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டார். அவருக்கும் செடிகொடி தெரியும். நமக்கு ஆள் இல்லாம போகல." குடம் பதில் சொல்லவில்லை.

நிறுவனத்தின் ஆய்வறிக்கை குடியிருப்புச் சங்கத்திடம் இருந்தது. மாமாதான் சங்கத் தலைவர். அது எங்கள் வீட்டிலேயே அலமாரிக்கு மேலே, பிரிக்காத ஒரு தரை ஓட்டுப் பெட்டியின் மேல் கிடந்தது. நூற்றிருபது பக்கம். மாமா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்திருந்தார். அவர் அப்படித்தான். ஓரம் சரியாக இருந்தால் நடு சரியாக இருக்கும் என்பார். நான் ஒரு மத்தியானம் முழுவதையும் படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சரிவில் காணப்படும் வெள்ளைப் பூச்செடிகள் ஓராண்டுக் களைகள். பூத்து, காய்த்து, அதே பருவத்தில் மடிபவை. மேலோட்டமான வேர் கொண்டவை. எனவே சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கும் நிரந்தரத் தாவரம் எதுவும் இல்லை. கீழுள்ள வீடுகளின் பாதுகாப்புக்காகவே தடுப்புச் சுவர் அவசியமாகிறது.

எங்கள் பாதுகாப்புக்காகச் சுவர். நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். லாரி நிறுத்த என்று கேட்டால் நகரசபை ஆயிரம் கேள்வி கேட்கும். பாதுகாப்பு என்றால் தலையாட்டும்.

கீழே ஒரு புகைப்படம். சாலையோரம், மேட்டின் வாலில், சரளைக் குவியலுக்குப் பக்கத்தில் எடுத்தது. ஆய்வு செய்தவர் காரிலிருந்து இறங்கியிருக்கிறார், ஆனால் ஏறவில்லை. படத்தில் இருப்பது களைதான். அதற்கும் வெள்ளைப் பூ, அதற்கும் பிளந்த இதழ். மேலே அவர் பார்த்த வெள்ளையும் இதுவே என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மாமா மேலிருந்து பார்த்துத் தப்பாக எண்ணினார். இவர் கீழிருந்து பார்த்து எண்ணவே இல்லை.

பின்கதவைத் திறந்து மேட்டில் ஏறினேன். தினமும் காலையில் ஆலையிலிருந்து இறங்கி வரும் வழிதான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறவள் காலடியைப் பார்ப்பாள், செடியைப் பார்க்க மாட்டாள். பாதி ஏறியதும் குப்புறப் படுத்தேன். எட்டாம் வீட்டு மாடியிலிருந்து யாரோ, "என்னம்மா, விழுந்துட்டியா?" என்று கேட்டார்கள். "இல்ல, படுத்திருக்கேன்," என்றேன். அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

களையின் இதழ் அதைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்தைத் தாண்டாது. இதன் இதழ் இரண்டு மடங்கு தாண்டியிருந்தது. பூக்கும் தண்டுகளுக்கு அடியில் பூக்காத தண்டுகள் தரையோடு தரையாக ஓடின. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருந்தது. அந்த வேர்களுக்கு அடியில் போன வருடத்துத் தண்டு, அதற்கு அடியில் அதற்கு முந்தைய வருடத்துடையது, பழுப்பாக, கயிறு மாதிரி. கையால் விலக்கி உள்ளே பார்த்தேன். ஒரு பாறையைச் சுற்றி வளைத்து அடுத்த பாறைக்குப் போயிருந்தது. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. எந்தப் பட்டியலிலும் இதன் பெயர் இல்லை. அதைப் பற்றி அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆலையில் நாங்கள் விரிப்புகளைப் பிரிப்பது ஓரத் தையலின் நூலைப் பார்த்துத்தான். சிவப்பு நூல் அறுவைப் பிரிவு, பச்சை நூல் பிரசவப் பிரிவு. விரிப்பு எல்லாமே வெள்ளை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்று. ஓரத்தைப் புரட்டிப் பார்க்காமல் அடுக்கினால் மேற்பார்வையாளர் முழு அடுக்கையும் கலைத்துப் போடுவார். இந்த ஆய்வறிக்கை எழுதியவர் எங்கள் ஆலையில் ஒரு வாரம் தாங்க மாட்டார்.

மறுநாள் சுவர் அனுமதி பற்றி நகரசபையில் கருத்துக்கேட்புக் கூட்டம். கிளம்பும் முன் மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, அந்தக் கடிதத்தை நீங்க படிச்சா நான் எழுந்து இது சாதாரணச் செடின்னு சொல்லுவேன்."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"சபையில என் மானத்தை வாங்கப் போறியா?"

"படிக்கலேன்னா வாங்க மாட்டேன். நாற்பத்தொண்ணாம் பக்கம் படிச்சீங்களா?"

"அதுல என்ன இருக்கு?"

"நடுவுலதான் கோணலா இருக்கு."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் போங்க. நேரமாகுது," என்றாள்.

நகரசபைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, மூக்கின் நுனியில் கண்ணாடி. நிறுவனத்தின் இன்ஜினியர் நல்ல சட்டை போட்டு, நல்ல பேச்சும் பேசினார். சரிவில் பிடிப்பு இல்லை, மழைக்குச் சரியும், மக்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அரிய செடி இருக்குன்னு ஒரு வதந்தி கேள்விப்பட்டோம். அந்தச் செடியோட காய்ந்த மாதிரியை வரவழைச்சு வச்சிருக்கோம். யாராவது சொன்னா ஒப்பிட்டுப் பார்க்கலாம்," என்று சிரித்தார். அவர் முன்னால் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. ரம்பப்பல் இலை நான் உட்கார்ந்த இடத்துக்கே தெரிந்தது.

"சங்கத் தலைவர்?" என்று அதிகாரி கூப்பிட்டார்.

மாமா எழுந்தார். சட்டைப் பையில் மருந்துக் கடைக்காரரின் கடிதம். அவர் கை பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அவர் பார்வை அந்தச் சட்டத்திலிருந்து என்னிடம் வந்தது. பூவைக் கிள்ளிக் காட்டிய நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எங்க சார்பா என் கொழுந்தியா பேசுவா," என்று உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பழக்கம். குரல் அளவுக்கு மேல் வந்தது.

"அது அரிய செடி இல்ல. ரொம்ப சாதாரணச் செடி."

இன்ஜினியரின் சிரிப்பு அகலமானது.

"ஆனா ஓராண்டுக் களையும் இல்ல. அறிக்கைல நாற்பத்தொண்ணாம் பக்கம் தப்பு. அந்தப் படம் சாலையோரம் எடுத்தது. மேட்டுல இருக்கிறது பல வருஷச் செடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைப் பிடிச்சிருக்கு. பிடிப்பு இல்லைன்னு சொல்லித்தான் சுவர் கேட்கறாங்க. பிடிப்பு இருக்கு."

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"முடிக்கல."

"வேலை?"

"துணி வெளுக்கிற ஆலைல. நைட் ஷிப்ட்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்ஜினியர் பணிவாக, "மேடம், எங்க ஆய்வாளர் முனைவர் பட்டம் வாங்கினவர்," என்றார்.

"என்னை நம்ப வேண்டாம்," என்றேன். "அவரையும் நம்ப வேண்டாம். நீங்களே வந்து பிடுங்கிப் பாருங்க. களைன்னா ஒரே இழுப்புல வரும். வந்துடுச்சுன்னா சுவரைக் கட்டிக்கட்டும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் மாமா "ஐயோ" என்று முனகியது கேட்டது. அதிகாரி ஏதோ எழுதினார். வெகுநேரம் எழுதினார். பிறகு, "நாளை காலை ஒன்பது மணி. ரெண்டு தரப்பும் வரணும்," என்றார்.

அன்றிரவு வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்காமல் நின்றேன். ஒன்பதுக்கு அதிகாரி வந்தார், கையில் கோப்பு, காலில் ஓடுவதற்கான காலணி. அதைப் பார்த்ததும் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. இன்ஜினியர் பளபளக்கும் காலணியோடு வந்தார். பதினெட்டு வீட்டின் பின்கதவுகளும் திறந்திருந்தன. அக்கா ஜன்னலில் நின்றாள்.

முதலில் சாலையோரம், புகைப்படம் எடுத்த இடம். அதிகாரி குனிந்து ஒரு செடியை இரண்டு விரலால் இழுத்தார். நூல் மாதிரி வேரோடு வந்தது. இன்ஜினியர், "பார்த்தீங்களா?" என்றார்.

"இதைத்தான் உங்க ஆய்வாளர் பார்த்தார்," என்றேன். "மேல வாங்க."

மேட்டின் நடுவில் வெள்ளை, ஒரு கட்டில் விரிப்பு அகலத்துக்குப் பாறையை மூடியிருந்தது. அதிகாரி இரண்டு விரலால் இழுத்தார். பிறகு ஐந்து விரலால். கையில் நாலு இலையும் ஒரு பூவும் வந்தன. செடி இருந்த இடத்தில் இருந்தது.

"நான் பார்க்கறேன் மேடம்," என்று இன்ஜினியர் முன்னால் வந்தார். சட்டைக் கையை மடித்து, இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து, உடம்பைச் சாய்த்து இழுத்தார். கொத்து பிய்ந்தது, பாய் பெயரவில்லை. காலணி வழுக்கி, அவர் உட்கார்ந்த வேகத்தில் அக்குளில் இடுக்கியிருந்த அவர் கோப்பு பறந்தது. பதினெட்டு வீட்டிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை.

மாமா சிரிக்கவில்லை. அவர் வேலைக்காரர். முழங்கால் போட்டு, வேலைப் பையிலிருந்து சாந்துக் கரண்டியை எடுத்தார். பாயின் ஓரத்தை மெல்ல நெம்பினார். முக்கால் சாண் அகலம் கிழிந்து எழுந்தபோது அடியில் மண்ணும் சேர்ந்து எழுந்தது. பழைய தண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, பின்னிப் பின்னி. அவர் அதை அதிகாரியிடம் காட்டவில்லை, தனக்கே காட்டிக்கொண்டார்.

"ஓடு பதிச்சா அடியில சாந்து எல்லா இடமும் பிடிச்சிருக்கான்னு பார்ப்போம்," என்றார். "இது நான் பதிச்சதைவிட நல்லா பிடிச்சிருக்கு."

எழுந்த ஓரத்தை மறுபடி படுக்கவைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

அதிகாரி நின்றபடியே எழுதினார். ஆய்வறிக்கை திருப்பி அனுப்பப்படுகிறது. பாதுகாப்புக் காரணம் நிறுவப்படவில்லை. அது நிறுவப்படும் வரை சரிவைத் தொடக்கூடாது. எழுதி முடித்து என்னிடம், "செடியை அடையாளம் காட்டியவர்னு ஒரு இடம் இருக்கு. என்ன போட?" என்றார்.

"துணி வெளுப்பு ஆலை, நைட் ஷிப்ட்னு போடுங்க."

"செடியோட நிலைன்னு இன்னொரு இடம். அரியது, பொதுவானது, ரெண்டுல ஒண்ணு."

"பொதுவானது. நல்லா பெரிசா போடுங்க."

அவர் பெரிதாகப் போடவில்லை. அரசாங்கப் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் போட்டார்.

எல்லோரும் இறங்கிய பிறகு மாமா சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "அவங்க சும்மா விட மாட்டாங்க. வேற காரணத்தோட வருவாங்க," என்றார்.

"வரட்டும். அதையும் படிப்போம். இந்தத் தடவை நடுவுலேருந்து."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல புரொபசர்." ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து இதழ்களைப் பிரித்தார். எண்ணி முடித்து, ஐந்து இதழையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அக்கா இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தாள், முதல் முயற்சியிலேயே. வெயில் ஜன்னல் வழியாக அவள் மடியில் விழுந்து, தரையைக் கடந்து, என் படுக்கையில் ஏறி, நேராகத் தலையணைமேல் உட்கார்ந்திருந்தது.

"திரை போடட்டா?" என்றாள்.

"வேணாம். நீ தை."

துண்டை எடுத்து முகத்தில் போட்டேன். இயந்திரம் ஓடத் தொடங்கியது.